பிடியை விடாத கிளட்சும் ஒரு சிறு ரப்பர் கிண்ணமும்



மோட்டார் வண்டி ஓட்டுகிறவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் குறைகளுள் மிகப் பழைமையான ஒன்றைப் பற்றி இன்று பேசப் போகிறேன். கிளட்ச் மிதியை அடிவரை மிதித்தாலும் கியர் உள்ளே போகாது. வற்புறுத்தினால் பல்லோடு பல் உரசிக் கறகறவென்று கத்தும். ரிவர்ஸ் கியர்தான் முதலில் முரண்டு பிடிக்கும். இன்னும் முற்றினால், கியர் விழுந்த நிலையில் மிதியை அழுத்திக்கொண்டு நின்றாலும் வண்டி மெல்ல மெல்ல ஊர்ந்து முன்னே போகும். 'கிளட்ச் விடமாட்டேன் என்கிறது' என்பார்கள் பட்டறைக்காரர்கள். கிளட்ச் வழுக்குவது வேறு நோய். அதில் இயந்திரம் அலறும், வண்டி ஏறாது. நாம் பேசுவது, பிடித்த பிடியை விடாத கிளட்சைப் பற்றி.

ஒரு குறைக்குக்கூட வரலாறு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் குறை வண்டியில் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு தலைமுறைப் பொறியாளர் அதை ஓரிடத்திலிருந்து விரட்டினால், அடுத்த தலைமுறையில் அது வேறோர் இடத்தில் குடியேறியிருக்கிறது. அது எங்கெங்கே குடியேறியது என்று தெரிந்தவர்க்கு எங்கே தேடவேண்டும் என்பதும் தெரியும். தெரியாதவர் கியர் பெட்டியை இறக்கச் சொல்லிவிடுவார். கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி தோட்டப்புறக் குடும்பத்திற்குச் சிறிய தொகையன்று. எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் அப்படி ஒரு பட்டறையில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். புதுத் தட்டு போட்டார்கள், குறை போகவில்லை. கடைசியில் கோளாறு ஒரு சிறு ரப்பர் கிண்ணத்தில் இருந்தது. காசு போனாலும் சம்பாதித்துக்கொள்ளலாம். ஊர்ந்து போகும் வண்டிக்கு முன்னால் லயத்துப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கிளட்ச் எதற்கு? இயந்திரம் நிற்காமல் சுழல வேண்டும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் நடுவே ஒருவர் வேண்டும். சிங்கப்பூரில் முதல் மோட்டார் வண்டி 1896இல் வந்து இறங்கியது. காட்ஸ் சகோதரர்கள் கம்பெனி தருவித்த பென்ஸ் வண்டி அது. அதை வாங்கியவர் சார்லஸ் பக்லி என்னும் வழக்கறிஞர். அது போட்ட சத்தத்தைக் கேட்டு மக்கள் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று பெயர் வைத்தார்கள். அக்காலத்துப் பென்ஸ் வண்டிகளில் நாம் இன்று அறிந்த கிளட்ச் கிடையாது. தோல் வார்ப்பட்டை ஒன்று இருக்கும். அதைச் சும்மா சுழலும் உருளையிலிருந்து வேலை செய்யும் உருளைக்குத் தள்ளினால் வண்டி நகரும். பழைய ஆலைகளில் வார்ப்பட்டையைத் தள்ளி இயந்திரங்களை ஓட்டியும் நிறுத்தியும் பார்த்த பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும்.

பிரான்ஸ் நாட்டில் பனார் - லெவாசோர் நிறுவனத்தார் 1891 முதல் வேறொரு வழியில் போனார்கள். இயந்திரம் முன்னே, அதன் பின்னே கிளட்ச், அதன் பின்னே கியர் பெட்டி என்ற வரிசை அவர்களால் வழக்கத்திற்கு வந்தது. அந்நாளைய கிளட்ச் கூம்பு வடிவமானது. தோல் போர்த்திய கூம்பு ஒன்று, இயந்திரத்தின் கனத்த சக்கரத்துக் குழிக்குள் போய் இறுகிக்கொள்ளும். ஆப்பு அடித்தது போன்ற பிடி! ஆப்பை அடிப்பது எளிது, பிடுங்குவது கடினம். தோல் காய்ந்தால் வண்டி குதிரைபோல் துள்ளிப் புறப்படும். ஆகவே விளக்கெண்ணெய் போன்றவற்றைத் தடவித் தோலைப் பதமாக வைத்திருந்தார்கள். பதம் மிகுந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் விடாது. விட்டாலும் கனமான அந்தக் கூம்பு தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். அதை நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு சிறு பிரேக்கையே வைத்தார்கள் என்றால், இந்தத் தொல்லை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்!

பிறகு தோல் போயிற்று. இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்தை நிறுத்தப் பழைய பூட்சைக் கட்டையில் அடித்து உரசவிடுவதைப் பார்த்து, 1897இல் உராய்வுப் பொருள் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்நார் இத்தொழிலுக்குள் வந்தது. கல்நாரைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கூம்புக்குப் பதில் தட்டையான ஒற்றைத் தட்டு வந்தது. தட்டு லேசானது, இரண்டு பரப்புகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கும், மிதித்தால் அழுத்தம் விலகி விடுதலையாகும். 1928இல் அமெரிக்கக் காடிலாக் வண்டியில் ஏர்ல் தாம்சன் கண்டுபிடித்த ஒத்திசைவுக் கியர் வந்தது. பல்லும் பல்லும் சேருமுன் சிறு வளையம் ஒன்று இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். ஓட்டுநர்கள் இருமுறை கிளட்ச் மிதிக்கும் வித்தையை மறந்தார்கள். கிளட்ச் சரியாக விடாவிட்டாலும் அந்த வளையம் கொஞ்ச காலம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் தான் தேய்ந்துதான் பொறுத்துக்கொள்கிறது. கிளட்சின் குறையைக் கவனியாமல் விட்டால் அது கியர் பெட்டிக்குள்ளும் போவது இவ்வாறே.

மிதியையும் கிளட்சையும் அதுவரை இணைத்தவை இரும்புக் கோல்களும் கம்பிகளும். மோரிஸ் மைனர் கடைசிவரை கோலோடுதான் ஓடியது. வோக்ஸ்வேகன் வண்டு வண்டிக்குக் கம்பி. குறை வந்தால் கோலின் மரையைத் திருகிச் சரிசெய்வார்கள். அவ்வளவுதான் வேலை. அப்படியிருக்க, எண்ணெயை ஏன் கொண்டுவந்தார்கள்?

இதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். மூடிய பாத்திரத்தில் உள்ள நீரை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதை விளக்கியவர் பிரான்ஸ் நாட்டுப் பாஸ்கால். அதுபற்றிய அவருடைய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. ஆனால் இந்த உண்மை கருவியாக மாறுவதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் பிடித்தன. காரணம், கசிவு! 1795இல் ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றபோது, உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே நீர் பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகராது, தளர்த்தினால் ஒழுகும். இதற்கு வழி கண்டவர், பிராமாவின் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லி என்று பலரும் சொல்வார்கள். கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம் அது. நீர் அந்தக் கிண்ணத்தின் உள்ளே புகுந்து அதன் உதட்டை வெளிப்பக்கமாகத் தள்ளும். உதடு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும், அழுத்தம் நின்றால் தளரும். என் பார்வையில், மின்சார விளக்குக்குச் சமமாகப் போற்றவேண்டிய கண்டுபிடிப்பு இந்தத் தோல் கிண்ணம். பாடநூல்களில் பாஸ்காலுக்கு ஒரு பக்கம் உண்டு, கிண்ணத்திற்கு ஒரு வரிகூட இல்லை.

வண்டியில் எண்ணெய் முதலில் பிரேக்குக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய பிரேக், 1921இல் டூசன்பர்க் என்ற விலையுயர்ந்த வண்டியில் ஏறியது. 1924இல் கிறைஸ்லர் வண்டியில் அதைப் பொருத்த முனைந்த பொறியாளர்கள், தோல் கிண்ணங்கள் கசிவதைக் கண்டு ரப்பர்க் கிண்ணங்களை வைத்தார்கள். நேயர்களே, அந்நாளில் உலகிலேயே மிகுதியாக ரப்பர் தந்த நாடு மலாயா. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பால், புகைக்கூடத்தில் காய்ந்து, கப்பலேறி, டயராக மட்டும் மாறவில்லை. விரல் நுனியளவான இந்தக் கிண்ணமாகவும் மாறியிருக்கிறது. அதன் உருவத்தைச் சொல்லவேண்டுமானால், மரத்தில் கட்டும் பால் மங்கைச் சுண்டு விரல் நுனியில் கவிழ்க்கும் அளவுக்குச் சிறிதாக்கினால் எப்படியோ, அப்படி.

கிளட்சுக்கு எண்ணெய் வந்தது பெரும்பாலும் 1950களில். டிரையம்ப் டி.ஆர்.2 வண்டியில் 1953இலும், தோட்டத் துரைமார்களுக்குப் பழக்கமான லேண்ட் ரோவரில் 1958இல் வந்த இரண்டாம் வரிசையிலும், மினியில் 1959இலும் அதைக் காணலாம். அப்போது இயந்திரத்தை நேரே சட்டத்தில் முடுக்காமல் மெத்தென்ற ரப்பர்க் கட்டைகளின் மேல் அமர்த்தத் தொடங்கியிருந்தார்கள். இயந்திரம் ஆடினால் அதனோடு இணைந்த கோலும் ஆடும். கிளட்ச் வெடவெடவென்று நடுங்கும். வளையும் குழாய்க்கு அந்தக் கவலை இல்லை. மினியில் இயந்திரமே குறுக்காகக் கிடந்தது. மேலும், ஓட்டுநர் இடப்புறம் அமர்ந்தாலும் வலப்புறம் அமர்ந்தாலும் குழாயை வளைத்துக் கொண்டுபோனால் போதும். இவ்வாறு கோலும் கம்பியும் போய், மிதிக்கு அருகே ஒரு பம்பும் கியர் பெட்டிக்கு அருகே ஒரு பம்பும் வந்தன. நம் பட்டறைகளில் மேல் பம்பு, கீழ் பம்பு என்பார்கள்.

இவற்றின் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் ஊசிக்குழல்களை, ஒன்று சிறியது, ஒன்று பெரியது, மெல்லிய ரப்பர்க் குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுகிறேன். சின்னக் குழலை இரண்டு அங்குலம் அழுத்தினால் பெரிய குழல் அதைவிடக் குறைவாக நகரும், ஆனால் அதிக பலத்தோடு நகரும். இப்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழியை விடுங்கள். சின்னக் குழலை அழுத்தும்போது பெரிய குழல் முதலில் அசையவே அசையாது. குமிழிதான் சுருங்கும். அதைக் கண்ட பிள்ளைக்கு இன்றைய பேச்சில் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி கணக்கு. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மிதி 120 மில்லிமீட்டர் இறங்குகிறது. மிதியின் நெம்புகோல் 5க்கு 1. ஆக மேல் பம்பின் பிஸ்டன் 24 மில்லிமீட்டர் நகரும். மேல் பம்பின் குறுக்களவு அங்குலத்தில் எட்டில் ஐந்து, கீழ்ப் பம்பு எட்டில் ஏழு. பரப்பைக் கணக்கிட்டால் 25க்கு 49, ஏறக்குறைய பாதி. ஆகவே கீழ்ப் பம்பின் கோல் 12 மில்லிமீட்டர் வெளியே வரும். அது தள்ளும் கவை இன்னும் பாதியாக்கும்: 6. கிளட்ச் மூடியின் விசிறி வில் அதை நாலில் ஒன்றாக்கும். அழுத்தும் தட்டு விலகுவது ஒன்றரை மில்லிமீட்டர்! காலில் 120, கிளட்சில் ஒன்றரை. எண்பது பங்கு இடத்தை விட்டுக்கொடுத்து, உராய்வில் போவது போக, ஏறக்குறைய எண்பது பங்கு பலத்தை வாங்குகிறோம். இந்த வியாபாரத்தில் கையிருப்பு மிகக் குறைவு. நடுவில் உள்ள கிளட்ச் தட்டும் சும்மா இராது. அது மென்மையாகப் பிடிப்பதற்காக அதற்குள் வளைந்த தகடுகள் உண்டு. அழுத்தம் விலகியதும் அவை விரிந்து ஒரு மில்லிமீட்டர் வரை தின்றுவிடும்.

இப்போது கீழ்ப் பம்பின் கோல் 12க்குப் பதில் 8 மில்லிமீட்டர் மட்டுமே வந்தால்? தட்டு விலகுவது ஒரு மில்லிமீட்டர். அதையும் தகடுகள் விழுங்கிவிடும். கிளட்ச் விடாது. இந்த 4 மில்லிமீட்டரைத் திருட எவ்வளவு காற்று வேண்டும் என்றால், ஒன்றரைக் கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாத குமிழி ஒரு லோரியையே முரண்டு பிடிக்க வைக்கும். இதைத் தெரிந்துகொண்டவர்கள், கியர் விழாத வண்டியைப் பார்த்ததும் கியர் பெட்டியை இறக்கப் போகமாட்டார்கள்.

சரி, தேடுவோம். வண்டி சமதரையில் நிற்கட்டும், கைப்பிரேக் இழுத்திருக்கட்டும், முன்னும் பின்னும் யாரும் நிற்கவேண்டாம். இயந்திரம் மெதுவாக ஓடும்போது மிதியை அடிவரை அழுத்தி, ஐந்தாறு நொடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் விடுகிறது. பொறுத்தும் கத்தினால் உள்ளே தட்டு இன்னும் சுழல்கிறது.

முதலில் பார்க்கவேண்டிய இடம் யாரும் பார்க்காத இடம்: மிதியின் அடி. அழகுக்காகப் போட்ட தடித்த கால்பாய் மிதியை அடிவரை போகவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். மிதியையும் பம்புக் கோலையும் இணைக்கும் ஆணி தேய்ந்து துளை நீள்வட்டமாகியிருக்கும். மேலே சொன்ன கணக்கில் மிதியின் தொடக்கத்திலேயே பத்திருபது மில்லிமீட்டர் போய்விட்டால் என்ன மிஞ்சும்? பம்புக் கோலுக்குச் சிறிது விளையாட்டு இருக்கத்தான் வேண்டும். அறவே இல்லாமல் முடுக்கிவிட்டால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் துளை அடைபட்டு, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஒரு நோய்க்குப் பதில் மற்றொன்று.

அடுத்து எண்ணெய்த் தொட்டி. மட்டம் இறங்கியிருந்தால் எண்ணெய் எங்கோ போகிறது. ஊற்றிவிட்டு ஓட்டுவது மருந்தன்று. மேல் பம்பு கசிந்தால் மிதியின் தண்டில் வழிந்து கால்பாயை நனைக்கும். கீழ்ப் பம்பு கசிந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கியதும் ஈரம் தெரியும். எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தால் ரப்பர் அரைபட்டு அதில் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு துளியும் வெளியே கசியவில்லை, மட்டமும் குறையவில்லை, ஆனாலும் கிளட்ச் விடவில்லை. மிகப் பலரை ஏமாற்றுவது இதுதான். மிதியை நாலைந்து முறை விரைந்து மிதியுங்கள். உடனே கியர் விழுகிறதா? அப்படியானால் உள்ளே காற்று இருக்கலாம், அல்லது கிண்ணம் தளர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, மிதியை அழுத்தியபடியே அரை நிமிடம் வையுங்கள். முதலில் விட்ட கிளட்ச், காலை எடுக்காமலே மெல்ல மெல்லப் பிடிக்கத் தொடங்கினால், மேல் பம்பின் உள்கிண்ணம் தன் உதட்டோரமாக எண்ணெயைப் பின்னுக்கு விடுகிறது. எண்ணெய் பம்பை விட்டு வெளியேறுவதே இல்லை. ஆகவே தரையில் தேடி என்ன பயன்? சந்தி விளக்கில் நிற்கும்போது வண்டி ஊர்கிறது, வேறெப்போதும் நன்றாக இருக்கிறது என்பவர்களுடைய குறை பெரும்பாலும் இதுவே.

காற்று என்று தெரிந்தால் வெளியேற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் மிதியில், ஒருவர் கீழ்ப் பம்பின் காற்றுத் திருகில். திருகில் மாட்டிய தெளிந்த குழாயின் மறுமுனை, எண்ணெய் உள்ள போத்தலுக்குள் மூழ்கியிருக்கவேண்டும். மிதித்ததும் திறந்து, காலை எடுக்குமுன் மூடவேண்டும். தொட்டி வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். காற்றுத் திருகு பம்பின் உச்சியில் இருக்கவேண்டும். தலைகீழாய் மாட்டப்பட்ட பம்பில் ஆயுள் முழுதும் மிதித்தாலும் காற்று வெளியேறாது. வெளியே வந்த எண்ணெயை மீண்டும் ஊற்றாதீர்கள். வாயால் உறிஞ்சி எடுக்கவும் வேண்டாம், அது நஞ்சு. வண்டியின் சாயத்தில் பட்டால் சாயம் உரிந்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஒரே ஓர் அளவு எடுங்கள். ஒருவர் மிதிக்க, கீழ்ப் பம்பின் கோல் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். அந்த அளவு வராவிட்டால் குறை பம்புகளிலோ குழாயிலோ இருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய், மிதிக்கும்போது பாம்பு தவளை விழுங்கியதுபோல் உப்பி, நமக்குரிய இடத்தைத் தின்றுவிடும். கையில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். கோல் முழு அளவும் வந்து, அப்போதும் கியர் கத்தினால், அப்போதுதான் கியர் பெட்டியை இறக்கவேண்டும். உள்ளே தட்டு வளைந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியில் தட்டு துருவால் ஒட்டியிருக்கலாம். தட்டு நகரவேண்டிய பல்தண்டு காய்ந்து துருப்பிடித்திருக்கலாம். இயந்திரச் சக்கரத்தின் நடுவில் தண்டின் நுனியைத் தாங்கும் சிறு பேரிங் இறுகி, தட்டு விடுபட்டாலும் தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கலாம். அந்தப் பேரிங் மலிவானது. ஆனால் அதை எட்டுவதற்கு வண்டியையே பாதியாகப் பிரிக்கவேண்டும். ஆகவே கியர் பெட்டி இறங்கிய நாளில் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

ரப்பர்க் கிண்ணம் ஏன் கெடுகிறது? தேய்மானம் ஒன்று. ஈரம் மற்றொன்று. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டிலோ காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் பம்பின் சுவரில் துருக்குழிகளை உண்டாக்க, அதில் உரசும் உதடு கிழியும். திறந்து வைத்த டப்பாவிலுள்ள எண்ணெயை ஊற்றக்கூடாது என்பது இதனால்தான். மூன்றாவது காரணம் மனிதன். பிரேக் எண்ணெய் என்ற பெயரே ஏமாற்றுகிறது. பெயரில்தான் எண்ணெய்; அது இயந்திர எண்ணெயின் இனமன்று. தொடக்க காலத்தில் விளக்கெண்ணெயையும் சாராயச் சத்தையும் கலந்துதான் அதைச் செய்தார்கள். ஏனெனில் நம் மரத்து ரப்பர் விளக்கெண்ணெயைத் தாங்கும், மண்ணெண்ணெய் வகையைத் தாங்காது. இயந்திர எண்ணெயோ பெட்ரோலோ பட்டால் ஊறிப் பருத்துக் கூழாகிவிடும். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் வரத்து நின்று, அமெரிக்கா பெரிய அளவில் செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கியது. போருக்குப் பின் பம்புக் கிண்ணங்களும் செயற்கை ரப்பருக்கு மாறின. இங்கிலாந்து வண்டிகளில் இயற்கை ரப்பர் இன்னும் சில காலம் நீடித்தது. அந்த வண்டிகளின் கையேடுகள் இன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதே என்று அழுத்திச் சொன்னது இதனால்தான். செயற்கைக் கிண்ணங்களும் இயந்திர எண்ணெய்க்கு எதிரே நிற்கமாட்டா. பால் வாளியில் கொஞ்சம் அமிலம் விழுந்தால் வாளிப் பால் முழுதும் உறைந்துபோவது உங்களுக்குத் தெரியும். தவறி ஊற்றிய கொஞ்ச இயந்திர எண்ணெயும் அப்படித்தான். எல்லாக் கிண்ணங்களையும் குழாயையும் மாற்றி, இரும்புக் குழாயைக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

கல்நாரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பல்லாண்டுகள் கிளட்ச் தட்டுகளில் கல்நார் இருந்தது. தேய்ந்த தூசு மூடிக்குள் படிந்திருக்கும். கியர் பெட்டியை இறக்கியதும் காற்றுக் குழாயால் அதை ஊதித் தள்ளுவது பட்டறை வழக்கம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கி, இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் கொடிய நோயாக வெளிப்படும். பிரிட்டன் 1999இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. பழைய வண்டியிலும் பழைய கையிருப்புத் தட்டிலும் அது இன்னும் இருக்கலாம். பட்டறையில் தொழில் பழகப் போன பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஊதவேண்டாம், காய்ந்த துடைப்பத்தால் தட்டவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். முதலாளி சிரித்தால் சிரிக்கட்டும்.

அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் கீழ்ப் பம்பை வெளியே காணமுடியாது. அதை வளையமாக்கிக் கியர் பெட்டித் தண்டைச் சுற்றி, மூடிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கவையும் இல்லை, கோலும் இல்லை. செய்பவர்க்கு எளிது. ஆனால் உள்ளே உள்ள வளையம் கசிந்தால் அதற்காகவே கியர் பெட்டியை இறக்கவேண்டும். கோலை அளந்து பார்க்கும் சோதனையும் அங்கே செல்லாது. அத்தகைய வண்டியில் இயந்திரமும் கியர் பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தால், ஒரு மங்கில் பாதி தண்ணீர் வைத்து அந்தச் சொட்டுகளை அதில் பிடியுங்கள். இயந்திர எண்ணெயானால் மேலே படலமாக மிதக்கும். அது இயந்திரத்தின் பின் அடைப்பிலிருந்தோ கியர் பெட்டியிலிருந்தோ வருகிறது. இக்காலத்தில் பெரும்பாலும் விற்கும் டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் எண்ணெயானால் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். அப்போது கசிவது உள்ளே இருக்கும் அந்த வளையப் பம்பு.